பொருள்: மொட்டை மாடி டெக் தூக்கிக்கிச்சு, அதுக்கு கீழ இருக்குற வாடகை வீட்டு சீலிங் ஒழுகுது, பச்சை மரப்பெட்டில வெச்ச கீரையை சாப்பிடலாமானு இன்னும் பதில் இல்ல

வாடிக்கையாளர் சேவை பிரிவுக்கு,

வணக்கம். இதை யாரு படிக்கப் போறீங்கனு தெரியல. நாலு தடவை உங்க நம்பருக்கு போன் பண்ணேன், நாலு தடவையும் வேற வேற ஆளு எடுத்து, நானும் ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து கதை சொல்லி, கடைசில "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், 48 மணி நேரத்துல ஆள் வருவாங்க"னு சொல்லி வெச்சுட்டாங்க. மொத தடவை சொன்ன 48 மணி நேரம் முடிஞ்சே ஆறு மாசமாச்சு. அதான் இந்த தடவை எழுத்துலயே போட்டுடலாம்னு உக்காந்துட்டேன். மெயில்லயும் அனுப்புறேன், ஸ்பீட் போஸ்ட்ல ஒரு காப்பியும் வரும்.

நான் ஆதம்பாக்கத்துல இருக்கேன், வீட்லயே டெய்லரிங் பண்றேன். சொந்த வீடு, நாங்க தரைத்தளம், மேல தான் வாடகைக்கு விட்டிருக்கோம், அதுக்கு மேல மொட்டை மாடி. மாடித்தோட்டம் எனக்கு புதுசு இல்ல. தோட்டக்கலைத் துறைல மானியத்துல கிட் குடுத்தாங்கல்ல, அந்த பைல கத்தரியும் வெண்டையும் போட்டு ஆரம்பிச்சது, இப்ப 22 பை இருக்கு. தக்காளி, மிளகாய், அவரை, பந்தல்ல ஒரு பீர்க்கை, சிறுகீரை தண்டுக்கீரை எல்லாம் உண்டு. பிரச்சனை என்னன்னா பைய நேரா மாடில பதிச்சிருக்குற தட்டோட்டு (தட்டையான செங்கல் ஓடு) மேல வெச்சா அடில பாசி பிடிக்குது, என் மாமியார் கீரை பறிக்க போறப்ப ஒரு தடவை வழுக்கி கையில அடி. அதான் ஒரு 12க்கு 10 அடி இடத்துல மட்டும் டெக், அதாவது சட்டத்து மேல பலகைத் தளம், போட்டு அதுமேல பைய வரிசையா வெச்சுடலாம்னு உங்க ஷோரூமுக்கு வந்தேன்.

வந்தப்பவே தெளிவா சொன்னேன், இது சேர் போட்டு காபி குடிக்கறதுக்கு இல்ல, செடிக்கு, தினமும் தண்ணி ஊத்துவேன், பஞ்சகவ்யா ஊத்துவேன், மீன் அமிலம் ஊத்துவேன்னு. உங்க சேல்ஸ் தம்பி மூக்கை சுளிச்சிட்டே சிரிச்சாரு, "அதெல்லாம் தேக்குக்கு தான் மேடம் பயம், இது டபிள்யூ.பி.சி, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது, கரையான் வராது, தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, எண்ணெய் கூட அடிக்க வேணாம்"னாரு. டெக் சதுர அடி 480 ரூபாய், 120 சதுர அடிக்கு 57,600. அதோட கீரைக்குனு நாலு மரப்பெட்டி, ஒண்ணு 6,500 வீதம் 26,000. மொத்தம் 83,600. முன்பணம் 50,000 குடுத்தேன், வேலை முடிஞ்ச அன்னிக்கே மீதி 33,600 குடுத்துட்டேன். ஒரு நாள் கூட இழுக்கல. பில்லு காப்பி சேர்த்து அனுப்பிருக்கேன்.

போட்டது தை மாசம். நான் கேட்டது வெளிர் சாம்பல் கலர், வந்தது காபி பொடி மாதிரி கரும் பழுப்பு. கேட்டா ஸ்டாக் இல்லையாம், இது தான் "ரிச்சா" இருக்கும்னாங்க. ரிச்சா தான் இருந்துச்சு, சித்திரை வர்ற வரைக்கும். கத்திரி வெயில்ல மத்தியானம் அதுமேல வெறுங்கால வைக்க முடியல, பழைய தட்டோடே தேவலாம்னு இருந்துச்சு. அது கூட பரவால்ல, ஒரு நாள் காலைல போய் பாத்தா நடுவுல மூணு பலகை வில்லு மாதிரி மேல தூக்கிட்டு நிக்குது, மேல இருந்த மிளகாய் பை சாஞ்சு கெடக்குது.

உங்க ஆளுங்க விட்டுட்டு போன கிளிப் பாக்கெட்டுக்குள்ள மடிச்ச பேப்பர் ஒண்ணு இருந்துச்சு, உங்க கம்பெனி பேப்பர் தான், எப்படி பொருத்தணும்னு படம் போட்டது. அதுல பலகையோட ரெண்டு முனையிலயும் 6 மில்லிமீட்டர் இடைவெளி விடணும்னு போட்டிருக்கு. நான் என் இஞ்ச் டேப் எடுத்துட்டு போய் பாத்தேன், டேப்பு எதுக்கு, தையல் ஊசி கூட போகல. ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர்ல முட்டுது, இன்னொரு பக்கம் தண்ணி தொட்டி மேடைல முட்டுது. இந்த பலகை வெயிலுக்கு நீளும், 10 அடிக்கு 4, 5 மில்லிமீட்டர் சாதாரணமா நீளும்னு இப்ப எனக்கே தெரியும். குளிர்ல டைட்டா அடிச்சு வெச்சா வெயில்ல அது எங்க போகும், மேல தானே வரும். அதே பேப்பர்ல அடிச்சட்டத்துக்கு நடுவுல ஒரு அடி இடைவெளினு இருக்கு, என் வீட்ல ஒண்ணே முக்கால் அடி, ஒரு இடத்துல ரெண்டடிக்கு அரை இஞ்ச் தான் கம்மி. நாலு சட்டம் மிச்சம் புடிச்சிருக்கீங்க. நான் பிளவுஸ்ல அரை இஞ்ச் தப்பா வெட்டினா கஸ்டமர் துணிக்கு காசு கேப்பாங்க, குடுத்தும் இருக்கேன்.

சரி, பலகை தூக்கினது கூட கண்ணுக்கு தெரியிற தப்பு. ஐப்பசி மழைல தெரிஞ்சது தான் பெரிய தப்பு. எங்க மாடி பழைய மாதிரி கட்டினது, கான்கிரீட்டுக்கு மேல செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு மேல தட்டோடு பதிச்சது, வடக்கு மூலைல இருக்குற மழைத்தண்ணி குழாய்க்கு வாட்டம் வெச்சிருக்கும். உங்க ஆளுங்க சட்டத்தை அந்த வாட்டத்துக்கு குறுக்கால போட்டுட்டாங்க. வாட்டத்தோட போக்குல போட்டிருந்தா தண்ணி நடுவுல ஓடிருக்கும், குறுக்க போட்டதால ஒவ்வொரு சட்டமும் ஒரு வரப்பு மாதிரி ஆயிடுச்சு, வயல்ல தண்ணி கட்டுற மாதிரி கட்டி வெச்சிருக்கீங்க. மழை விட்டு நாலு நாள் கழிச்சும் பலகை இடுக்குல டார்ச் அடிச்சு பாத்தா தண்ணி மினுங்குது. மாநகராட்சில கொசு பாக்க வர்ற அம்மா வந்து எட்டிப் பாத்துட்டு என்னை ஒரு மாதிரி பாத்தாங்க, 12 வருஷமா தோட்டம் வெச்சிருக்கேன், ஒரு தட்டுல கூட தண்ணி நிக்க விட்டதில்ல, எனக்கு அப்படி ஒரு அவமானமா போச்சு.

இது பத்தாதுனு சட்டத்தை தட்டோட்டுல ட்ரில் போட்டு ஸ்க்ரூ அடிச்சு நிறுத்தியிருக்காங்க. எண்ணிட்டேன், 26 ஓட்டை. ஒரு ஓட்டைல கூட சீலன்ட் இல்ல. ஜல்லி சுண்ணாம்புல ஓட்டை போட்டு அதுமேல தண்ணிய தேக்கி வெச்சா என்ன ஆகும்னு கொத்தனார் சித்தாள் கிட்ட கேட்டா கூட சொல்லும். மாடி வீட்டு பெட்ரூம் சீலிங்ல ஃபேன் கொக்கிய சுத்தி ஓதம் எடுத்து இப்ப தட்டு சைசுக்கு இருக்கு, பெயின்ட் உரிஞ்சு குழந்தை படுக்கைல விழுது. அங்க வாடகைக்கு இருக்குற பொண்ணு நல்ல பொண்ணு, "பரவால்ல ஆன்ட்டி மெதுவா பாருங்க"ங்குது, ஆனா எனக்கு வாடகை வாங்க கை வரல, இந்த மாசம் 1,000 ரூபாய் குறைச்சு தான் வாங்கினேன்.

இப்ப மரப்பெட்டி. எனக்கு நிஜமாவே கோவம் இதுல தான்.

வந்தப்பவே மரம் லேசா பச்சையா இருந்துச்சு. நான் பெயின்ட்னு நினைச்சேன். உங்க ஆளு "இது பைன் மேடம், மருந்து ஏத்தினது, 10 வருஷத்துக்கு உளுத்துப் போகாது"னாரு. கீரை போடலாமானு கேட்டேன், போடலாம் போடலாம்னாரு. ஆடிப்பட்டம் தேடி விதைனு சொல்லுவாங்கல்ல, நானும் ஆடில சிறுகீரையும் தண்டுக்கீரையும் தூவி, 25 நாள்ல ரெண்டு தடவை பறிச்சு சமைச்சாச்சு. அப்புறம் என் தம்பி வந்தான், அவன் மரக்கடைல வேலை பாக்குறவன், பெட்டிய கட்டை விரலால ஒரு தேய் தேய்ச்சு மோந்து பாத்துட்டு "அக்கா, இது என்ன மருந்துனு கேட்டியா"ன்னான்.

அவன் சொல்லி தான் எனக்கு தெரியும், இந்த பச்சை வந்து செம்பு கலந்த மருந்தால வர்றது. அதுல ஒரு வகை ஏ.சி.க்யூ, செம்பு உண்டு, ஆர்செனிக்ங்கற விஷம் கிடையாது. இன்னொரு வகை சி.சி.ஏ, அது செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூணும் சேர்ந்தது. அமெரிக்காலயே 2003 கடைசியோட வீட்டு டெக், குழந்தைங்க விளையாடுற சாமான் இதுக்கெல்லாம் அந்த மரத்தை நிறுத்திட்டாங்க. அந்த ஆர்செனிக் கொஞ்சம் கொஞ்சமா மண்ணுல இறங்கும். பாக்க ரெண்டும் பச்சை தான், கண்ணால கண்டுபிடிக்க முடியாது, விக்கிறவங்க சொல்லணும், இல்லன்னா லேப்ல குடுத்து பாக்கணும். உங்க பில்லுல "பிளான்டர் பாக்ஸ், ட்ரீட்டட்"னு மட்டும் இருக்கு. எதை வெச்சு ட்ரீட் பண்ணது? இதை தான் ஆவணிலேர்ந்து கேட்டுட்டு இருக்கேன். ஒரு பொண்ணு "எல்லாம் ஃபுட் கிரேட் மேடம்"னுச்சு, சரிம்மா அதையே லெட்டர்ல எழுதி குடுன்னேன், ஹோல்டுல போட்டுச்சு, பாட்டு ஓடிட்டே இருந்துச்சு, கட்டாயிடுச்சு.

நீங்க விஷம் கலந்தீங்கனு நான் சொல்லல. தெரியாதுங்கறது தான் என் பிரச்சனை. அன்னிக்கே நாலு பெட்டி கீரையையும் வேரோட புடுங்கி போட்டேன், மாட்டுக்கு கூட போடல. என் மாமியாருக்கு 78 வயசு, அந்த கீரைய ரெண்டு தடவை கடைஞ்சு போட்டது நான் தான். உள்ள பாலிதீன் ஷீட்டாவது விரிச்சு குடுத்திருந்தீங்கன்னா இவ்ளோ மனசு அடிச்சுக்காது.

கடைசியா பேசினவர் சொன்னது தான் ஹைலைட். டெக் மேல செடி வெச்சு தண்ணி ஊத்தினதால வாரன்டி கிடையாதாம், பாரம் அதிகமாம். செடி வைக்க தான் டெக்குனு சொல்லி வாங்கினவ கிட்ட! பாரத்துக்கும் கணக்கு போட்டு வெச்சிருக்கேன். 12 இஞ்ச் பை தண்ணி ஊத்தினப்புறம் 15 கிலோ, வீட்டு தராசுல நிறுத்தி பாத்தேன், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) கலவைங்கறதால அவ்ளோ தான். 22 பைக்கு 330 கிலோ, 120 சதுர அடிக்கு பிரிச்சா சதுர அடிக்கு 3 கிலோ கூட வரல. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு கட்டடம் எவ்ளோ பாரம் தாங்கணும்னு சொல்ற இந்திய தர விதி ஐ.எஸ். 875 படி சதுர மீட்டருக்கு 150 கிலோ, அதாவது சதுர அடிக்கு கிட்டத்தட்ட 14 கிலோ கணக்கு வெச்சு தான் கட்டுவாங்கனு எங்க தெரு இன்ஜினியர் சொன்னாரு. பெட்டிங்க டெக் மேலயே இல்ல, சுவர் ஓரமா தட்டோட்டு மேல இருக்கு. அப்ப எந்த பாரம்?

என் தம்பி வேற தினமும் குத்திக் காட்டுறான், "ரெண்டு வரிசை செங்கல் வெச்சு மேல கடப்பா கல்லு போட்டிருந்தா பத்தாயிரத்துல முடிஞ்சிருக்கும்"னு. அவன் சொல்றதுல நியாயம் இருக்கு, அது என் புத்தி, அதுக்கு உங்கள குறை சொல்லல.

எனக்கு வேண்டியது இது தான். பெட்டிக்கு என்ன மருந்து ஏத்தினீங்கனு, மரம் குடுத்த இடத்துலேர்ந்து வாங்கி, கம்பெனி சீல் போட்டு எழுத்துல ஏழு நாளைக்குள்ள வேணும், இது மொதல்ல. மருந்து எதுவா இருந்தாலும் நாலு பெட்டியும் எனக்கு வேணாம், 26,000 திரும்ப வேணும். டெக்க மொத்தமா கழட்டுங்க, 26 ஓட்டையையும் வாட்டர் ப்ரூஃப் பண்ற ஆள வெச்சு அடைங்க, சீலிங் பூச்சு பெயின்ட் செலவு உங்களுது. அப்புறம் ஓட்டை போடாம, ரப்பர் பேட் மேல சட்டம் வெச்சு, வாட்டத்தோட போக்குல, ஒரு அடிக்கு ஒண்ணு, முனைல இடைவெளி விட்டு, நான் கேட்ட சாம்பல் கலர்ல போட்டு குடுத்தா சரி. முடியாதுன்னா 57,600ம் குடுத்துட்டு பலகைய எடுத்துட்டு போங்க. 15 நாள் பாப்பேன். அதுக்கப்புறம் 1915ல (நுகர்வோர் உதவி நம்பர்) சொல்லிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல போடுறேன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நானே போய் நிக்கலாம். போட்டோ 31 இருக்கு, இஞ்ச் டேப் வெச்சு எடுத்தது.

வேலை செஞ்ச ரெண்டு வடநாட்டு பசங்க சம்பளத்துல இதை புடிக்காதீங்க, அதுங்களுக்கு அந்த பேப்பரை யாரும் படிச்சு காட்டியிருக்க மாட்டாங்க, மேற்பார்வைக்குனு வந்தவர் அரை மணி நேரம் போன் பேசிட்டு கெளம்பிட்டாரு.

ஆள் அனுப்புறதுன்னா காலைல 10 மணிக்கு முன்னாடி இல்ல சாயங்காலம் 4க்கு அப்புறம் அனுப்புங்க. மொட்டை மாடிக்கு போற படி குறுகல், பெட்டி மண்ணோட இறங்காது, சாக்கு கொண்டு வர சொல்லுங்க. அந்த மண்ணையும் சேர்த்து தான் எடுத்துட்டு போகணும்.

இப்படிக்கு,
உங்க ஆதம்பாக்கம் கஸ்டமர்