12 வோல்ட்டுக்கு மாற்றுமுன்

ரங்கூன்

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். தைப்பூசத்துக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாதது என் தவறுதான். சரியாகக் கிளம்பாத உன் 6 வோல்ட் ஜீப்பை நீ 12 வோல்ட்டுக்கு மாற்றப் போவதாக உன் மைத்துனர் நேற்றுச் சொன்னார். கேட்டதிலிருந்து மனம் பொறுக்கவில்லை. இதைப் படித்து முடிக்கும்வரை பழைய ஸ்டார்ட்டரையும் டைனமோவையும் யாருக்கும் கொடுத்துவிடாதே.

சென்ற மாதம் பீலிக்கான் முனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், தேநீருக்காக என் 6 வோல்ட் ஜீப்பை நிறுத்தினோம். புறப்படும்போது ஸ்டார்ட்டர் பெடலை மிதித்தால், எஞ்சின் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. பேட்டரி போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடைசியில் மகன் இறங்கி ஹேண்டில் போட்டுக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினான், உடனே பிடித்துக்கொண்டது. வீடு வந்ததும் மேஸ்திரி, பிளக்கில் பொறி உண்டாக்கும் காயிலை மாற்றினார், கண்டன்சரை மாற்றினார், பாயிண்ட் இடைவெளியை 0.020 அங்குலத்துக்கும் பிளக்கை 0.030 அங்குலத்துக்கும் சரிசெய்தார். குளிர்ந்திருந்தால் கிளம்பியது, ஓடிச் சூடேறி நின்றால் மறுபடியும் ஹேண்டில்தான்.

ஹேண்டிலுக்குப் பிடிக்கும் எஞ்சின் ஸ்டார்ட்டருக்கு ஏன் பிடிப்பதில்லை என்று இரண்டு இரவு யோசித்தேன். கையால் சுற்றும்போது பேட்டரியின் 6 வோல்ட்டும் காயிலுக்கே போகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதோ அது நூறு ஆம்பியருக்கு மேல் இழுப்பதால், வழியில் எங்கேனும் தடை இருந்தால் வோல்ட் அங்கேயே கரைந்துபோய், காயிலுக்குப் பொறி விடும் அளவுகூட மிஞ்சுவதில்லை. ஆகவே வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துக்கொண்டு, மகனைப் பெடலை மிதிக்கச் சொன்னேன். 0.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாத இடத்தில் 1.4 காட்டியது! எஞ்சினிலிருந்து எடுத்து வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வைத்தால் 0.2 மட்டுமே. சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே 1.2 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. 12 வோல்ட் வண்டிக்கு அது பத்தில் ஒரு பங்கு. நம் வண்டிக்கு ஐந்தில் ஒரு பங்கு.

எஞ்சின் ரப்பரின் மேல் உட்கார்ந்திருப்பதால், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிவர, அதைச் சேசிஸோடு இணைக்கும் செம்புப் பின்னல் பட்டையைத்தான் நம்பியிருக்கிறது. அதைக் கழற்றி வளைத்தபோது பச்சைத் தூள் உதிர்ந்தது. பாதி இழைகள் கையோடு வந்துவிட்டன. அதைவிடக் கொடுமை, சேசிஸுக்குப் பெயிண்ட் அடித்தவர் போல்ட் உட்காரும் இடத்திலும் தடிமனாகப் பூசியிருந்தார். உப்புத்தாள் வைத்து இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டையை முறுக்கிய பிறகு மொத்தமே 0.3 தான் காட்டியது. அன்றிலிருந்து, எவ்வளவு சூட்டில் நிறுத்தினாலும் ஒரே மிதியில் கிளம்புகிறது.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். அதில் ஸ்டார்ட்டருக்குப் போவது 12 வோல்ட் காரிலிருந்து எடுத்த மெல்லிய கேபிள். போன மழைக்காலத்தில் நானே கண்ணால் பார்த்தேன். அதே வேலையை 6 வோல்ட்டில் செய்ய இரண்டு மடங்கு மின்னோட்டம் வேண்டும் என்பதால், நம் வண்டிக்குக் கட்டைவிரல் பருமனில் கேபிள் இல்லாமல் ஆகாது. நீ 12 வோல்ட்டுக்கு மாற்றினால் காயில், பல்பு, ஹார்ன், டைனமோ எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்; உன் வண்டியிலும் பட்டை மக்கியிருந்தால், அத்தனை செலவுக்குப் பிறகும் அது அங்கேயே இருக்கும். போர் முடிந்து ராணுவம் விட்டுப்போன வண்டி அது. உன் அப்பா நம் இருவருக்கும் அதில்தான் ஓட்டக் கற்றுத் தந்தார் என்பதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

நான் செய்தபடியே இரண்டு இடத்திலும் அளந்து, அந்த எண்களை இந்த வாரமே எழுது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டர்வரை ஒரு நூலைப் பிடித்து நீளத்தையும் அனுப்பு. இங்கே தடித்த கேபிள் கிடைக்கிறது, வெட்டி முனை அடித்து மோல்மேன் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

உன் பழைய கூட்டாளி