பாட்டி ‘அம்மா’ என்று அழைக்கிறாள்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள்டா.

போன ஞாயிறு ராத்திரி ஒரு படம் பார்த்தேன். ‘அட்டனார்யுவாட்’. 2001இல் வந்தது. கனடாவின் வடகோடியில், நூனாவுட்டில் இக்லூலிக் என்ற தீவு. அங்குள்ள இனுயிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதையை, அவர்களே எழுதி, அவர்களே நடித்து, முழுக்க இனுக்டிடூட் மொழியிலேயே எடுத்திருக்கிறார்கள்.

முதல் அரை மணி நேரம் ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் தோலாடைக்குள் இருக்கிறார்கள். யார் யாருக்கு உறவு என்று படம் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. அப்போது பனிக்பாக் என்ற கிழவி, அட்டுவாட் என்ற சின்னப் பெண்ணை ‘சின்ன அம்மா’ என்று கூப்பிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கிழவியின் அம்மா பெயரைத்தான் அந்தப் பெண்ணுக்கு வைத்திருக்கிறார்கள். இறந்தவர் பெயரைத் தாங்கி வருகிற பிள்ளை, அவர்களுக்கு அந்த உறவாகவே ஆகிவிடுகிறது.

பேரன் என்றால் பெயரன், பேத்தி என்றால் பெயர்த்தி என்று நம் தமிழ் ஐயா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? என் பேத்திக்கு அம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறோம். மாமியார் பெயர் என்பதால் என் வீட்டுக்காரி அவளை இன்றுவரை ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கோ வாயில் ‘அம்மா’ என்றுதான் வருகிறது. சட்டையைப் பிடித்து இழுத்து, ‘தாத்தா, சாப்பிட வா’ என்று அவள் அதட்டும்போது அம்மாவின் குரல் மாதிரியே இருக்கிறதடா.

கதை என்று பார்த்தால் பெண் விஷயத்தில் தொடங்கிய பகைதான். அட்டுவாட்டை மணக்க இருந்தவன் ஓகி. கதாநாயகன் அட்டனார்யுவாட் அவனோடு போட்டியிட்டு ஜெயித்து அவளை மணக்கிறான். ஆளுக்கொரு முறை பொட்டில் குத்த வேண்டும், விழுந்தவன் தோற்றான். அதுதான் போட்டி. அப்புறம் ஒரு நாள், அட்டனார்யுவாட்டும் அவன் அண்ணனும் தூங்குகிற கூடாரத்தை ஓகியும் அவன் ஆட்களும் சாய்த்து, அதன்மேல் ஈட்டியால் குத்துகிறார்கள். அண்ணன் செத்துப்போகிறான். தம்பி அட்டனார்யுவாட் உடம்பில் ஒரு துணிகூட இல்லாமல் உறைகடல்மேல் ஓடுகிறான். பனி உருகித் தேங்கிய நீர்க்குட்டைகள், கிழிந்த பாதம், ரத்தம். அந்த ஓட்டத்தில் நானும் மூச்சு வாங்கினேன்.

பிழைத்துத் திரும்பியவன் பழிக்குப் பழி வாங்குகிறான் என்பது பழைய கதை. படத்தில் அதை மாற்றியிருக்கிறார்கள். காலில் மான்கொம்பைக் கட்டிக்கொண்டு, வழுக்கும் பனித்தரையில் ஓகியை வீழ்த்துகிறான். ஓங்கிய தடியை அவன் தலையில் போடாமல் பக்கத்துப் பனியில் அடிக்கிறான். கொலை இத்தோடு போதும் என்கிறான். பிறகு பனிக்பாக் எழுந்து, ஓகியையும் அவன் தங்கையையும் மன்னித்தோம், ஆனால் இந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள் என்கிறாள். இருவரும் அவளுடைய சொந்தப் பேரப்பிள்ளைகள். அந்தக் கிழவியின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வயதான பிறகு வீட்டில் நியாயம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பாகப்பிரிவினையின்போது நீ பட்ட பாட்டை நான் பார்த்தேனே.

இயக்குநர் சக்கரியாஸ் குனுக். கல்லில் சிற்பம் செதுக்கி விற்ற காசில், 1981இல் ஒரு வீடியோ கேமரா வாங்கியவர். தங்கள் மொழியில் நிகழ்ச்சி இல்லை என்பதால், இக்லூலிக் இரண்டு முறை வாக்களித்துத் தொலைக்காட்சியே வேண்டாம் என்று சொன்ன ஊராம். திரைக்கதை எழுதிய பால் அபாக் எட்டு முதியவர்களிடம் கதையைக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். படம் முடிவதற்குள், 1998இலேயே அவர் இறந்துவிட்டார். பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருது கிடைத்ததைப் பார்க்க அவர் இல்லை. அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

பொங்கலுக்கு வாடா. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்காரலாம். முதல் அரை மணி நேரம் யார் யாரென்று பக்கத்தில் இருந்து நான் சொல்கிறேன்.

உன்,
ராமு