ராடு ஈரமானால் வெல்டு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மண்டபத்தில் 22 வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் விஞ்சு (வலையை இழுக்கும் இயந்திரம்), சுக்கான், கப்பி என்று விசைப்படகுகளின் இரும்பு வேலை முழுக்க எங்கள் கைக்கு வந்துவிடும்.

"தம்பி, போன வருசம் பத்த வச்சதுதானே, ஏன் மறுபடியும் விட்டுப் போச்சு?" எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி இது. ராடு, அதாவது பற்றவைக்க உருக்கும் கம்பி, செய்யும் கம்பெனியைத் திட்டுகிறார்கள், ஆம்பியரைக் கூட்டி வை என்கிறார்கள். நான் பார்த்தவரை பாதி வேலை கெடுவது ஈரத்தாலும் உப்பாலும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு படகின் விஞ்சு அடித்தகட்டை, இழுவை தாங்கும் வேலைக்குப் போடும் 7018 என்ற ரக ராடால் பற்றவைத்தேன். மூன்றாவது தங்கலில் (கடலில் தங்கி மீன்பிடிக்கும் பயணத்தில்), வலை இழுக்கும்போது வெல்டு பிளந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, வலை போய்விட்டது. உடைந்த துண்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இடியாப்பத் தட்டு மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். ராடு பாக்கெட்டைப் பிரித்து ஒரு வாரம் கொட்டகையில் போட்டிருந்தேன். தப்பு என்னுடையது. கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

7018 ராடின் மேல்பூச்சு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வெல்டிங் சூட்டில் அந்த ஈரம் பிரிந்து, ஹைட்ரஜன் இரும்புக்குள் போய்விடும். அன்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. கனத்த தகடாக இருந்தால் ஓரிரு நாள் கழித்துக்கூட விரிசல் விடும். பாக்கெட் பிரித்தால் நாலு மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும். இல்லையென்றால் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒரு மணி நேரமாவது ஓவனில் சுட வேண்டும். வெயிலில் காயவைப்பது பிரயோஜனம் இல்லை. சாதாரண வேலைக்குப் போடும் 6013 ராடு இவ்வளவு கெடுபிடி பண்ணாது, ஆனால் விஞ்சு மாதிரி இழுவை தாங்கும் இடத்தில் நான் அதைப் போட மாட்டேன். எந்த ராடானாலும் முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துடைத்துக் காயவிட்டு, வெள்ளை இரும்பு தெரியும்வரை கிரைண்டர் பிடிக்க வேண்டும். பெயின்ட் மேலேயே அடித்துவிடு என்று அவசரப்படுத்தாதீர்கள்.

"மிக் மிஷின் வாங்கினால் சீக்கிரம் முடியுமே?" என்றும் கேட்கிறார்கள். அது கேஸ் விட்டுக்கொண்டே பற்றவைக்கும் மிஷின். மூடிய பட்டறையில் சரி. கரையில் கச்சான் காற்று அடித்தால் வெல்டை மூடி நிற்கும் கேஸ் பறந்துவிடும்.

அப்புறம், சிறு பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். தயவுசெய்து விரட்டுங்கள். அந்த வெளிச்சம் அப்போது ஒன்றும் செய்யாது. ராத்திரிதான் கண்ணில் மணலை அள்ளிப் போட்டது போல் உறுத்தும். தாய்ப்பால் ஊற்ற வேண்டாம், கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

ராடு சுடும் ஓவன் என்னைப் போன்ற ஒற்றைப் பட்டறைக்காரனுக்குக் கட்டுப்படியாகாது. மீன்வளத் துறையோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஒவ்வொரு இறங்குதளத்திலும் பொதுவாக ஒன்று வைத்தால் போதும், மாறி மாறிப் பயன்படுத்திக்கொள்வோம். அடுத்த தடைக்காலத்துக்குள் வருமா என்று உங்கள் நாளிதழ் மூலமாகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் தொழிலாளி,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்.