பழைய கிராமஃபோன்களின் மேற்பூச்சைச் சுரண்டாதீர்கள்: சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். வாங்கிவந்த கிராமஃபோனை வீட்டில் இறக்கிவைத்த கையோடு பாலிஷ் போடக் கொடுத்துவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதைக் கைவிடும்படி கேட்கவே இந்த மடல். பாலிஷ் போடும் ஆசாரிகள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. புதிது போல ஆக்கிக் கொடுங்கள் என்று சொல்பவர்கள் நாம். சொன்னதைச் செய்துகொடுப்பவர்கள் அவர்கள். ஆகவே, கேட்க வேண்டியதை நம்மிடமே கேட்கிறேன்.

முதலில், நாம் சுரண்டி எறிவது என்ன என்பதைப் பார்ப்போம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட பல மரப்பெட்டிகளின் பளபளப்பு அரக்கால் வந்தது. பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி சுற்றிய பஞ்சால் மெல்லிய படலங்களாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது அது. அந்த அரக்கின் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, குறிப்பாக இன்றைய ஜார்க்கண்ட் பகுதியிலிருந்து, கப்பலேறிப் போனது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டிலும் அதே அரக்குதான் கல்தூளோடும் கரியோடும் கலந்திருக்கிறது. (பழைய இசைத்தட்டை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.) 1920களில் செல்லுலோஸ் லாக்கர் என்ற பூச்சு பரவியபின் செய்யப்பட்ட பெட்டிகளில் அதையும் பார்க்கலாம். இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு: உரிய கரைப்பானைத் தொட்டால் இளகும். ஆகவே பின்னால் வருபவர், மரத்தைத் தொடாமலே, முன்னவர் செய்ததைத் திருத்த முடியும்.

இன்று நாம் அதற்கு மாற்றாகப் போடும் பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷுக்கும் மெலமைன் பாலிஷுக்கும் இந்தக் குணம் இல்லை. இறுகிய பின் அவற்றை எடுக்க உப்புத்தாளோ கடுமையான இரசாயனமோதான் வழி. பெட்டியின் மேல் ஒட்டியுள்ள மெல்லிய மரத்தகடான மஹாகனி வெனீரோ பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. முதல் தேய்ப்பில் அரக்கு போகும். இரண்டாம் தேய்ப்பில் வெனீரின் விளிம்பு கரைந்து அடிமரம் வெளியே தெரியும். அதை மறைக்கக் கருஞ்சிவப்புச் சாயம் பூசுவார்கள். அதற்குமேல் ஏறும் பாலிஷ், கண்ணாடி போல மின்னினாலும், தன் அடியில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் மின்னுகிறது.

அடியில் என்ன இருந்தது என்று கேட்பவர்கள், கைபடாத ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து, சவுண்டு பாக்ஸ் (ஊசியைத் தாங்கி ஒலி எழுப்பும் வட்டப் பாகம்) இறங்கும் மூலையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டியிருந்த காலம் அது. ஊசிக் கிண்ணத்தைச் சுற்றி விசிறி போல விரியும் மெல்லிய கீறல்கள், அந்த வீட்டில் இசைத்தட்டு உண்மையிலேயே ஓடியதா, அல்லது கருவி கூடத்து அலங்காரமாக மட்டும் நின்றதா என்பதைச் சொல்லிவிடும். சாவி நுழையும் துளையருகே கை உரசித் தேய்ந்த இடம், சுழல்தட்டின் நிழலில் வெளுக்காமல் இருக்கும் வட்டம், மூடியின் உட்புறத்தில் நாயும் குழலுமாகப் பொன்னிறத்தில் பதிந்த எச்.எம்.வி. (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்) முத்திரை, அதற்குக் கீழே சில பெட்டிகளில் காணப்படும் விற்ற கடையின் சிறு பட்டயம் ஆகியவை எல்லாம் அந்த மெல்லிய படலத்தில்தான் இருக்கின்றன. காரைக்குடியில் கிடைக்கும் பெட்டியொன்றில் ரங்கூன் கடையின் பெயர் இருந்தால், அது எந்தக் கடலைக் கடந்து வந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஒரு கடையில் எனக்குப் பெருமையோடு காட்டப்பட்ட மேசைக் கருவியில் இவை ஒன்றுமே இல்லை. நாய் முத்திரை இருந்த இடத்தைத் தேய்த்துச் சமன் செய்து, அச்சகத்தில் அடித்த ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதில் நாயின் முகம் சற்றே ஆட்டுக்குட்டியின் சாயலில் இருந்தது.

இந்த இழப்பு வேறு நாட்டுச் சேகரிப்பாளர்களைவிட நம்மை அதிகம் பாதிக்கும். புதுப் பித்தளைக் குழலையும், எண்கோணப் புதுப் பெட்டியையும், கையில் தூக்கிச் செல்லும் ஏதோ ஒரு பழைய பெட்டிக் கருவியின் மோட்டாரையும் சேர்த்து, மேலே எச்.எம்.வி. பெயரை ஒட்டி விற்கும் போலிகள் நம் நாட்டிலேயே பெருமளவில் தயாராகி உலகச் சந்தைக்குப் போகின்றன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றுக்குக் ‘கிராப்போஃபோன்’ (‘கிராப்’ என்றால் ஆங்கிலத்தில் குப்பை) என்று கேலிப்பெயரே வைத்துவிட்டார்கள். இந்தியாவிலிருந்து வரும் கருவி என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்க்கும் நிலையில், உண்மையான கருவிக்குச் சாட்சி சொல்லக்கூடியது அதன் பழைய மேற்பரப்புதான். அதையும் வழித்துவிட்டுப் புதுப் பளபளப்பில் நிறுத்தினால், அசலையும் போலியையும் நாமே ஒரே வரிசையில் நிறுத்தியவர்கள் ஆவோம்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் நான் அறிவேன். கருவியைச் செய்தவர்கள் அதைப் பளபளப்பாகத்தானே விற்றார்கள், அழுக்கேறி வெடித்த பரப்பைக் காப்பது அவர்களுடைய நோக்கத்துக்கே எதிரானதல்லவா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் கொடுத்த பளபளப்பு மெல்லியது, மரத்தின் ரேகைக்குள் இறங்கியது. நாம் போடுவது தடித்த நெகிழிப் படலம். இதனால் செய்தவருடைய நோக்கமும் நிறைவேறுவதில்லை, காலம் சேர்த்ததும் மிஞ்சுவதில்லை. இங்கே அந்த நாயின் படத்தையே நினைத்துப் பார்க்கலாம். ஓவியர் பிரான்சிஸ் பாரோ முதலில் வரைந்தது, உருளையில் ஓடும் ஃபோனோகிராஃபைக் கேட்கும் நாயைத்தான். 1899இல் கிராமஃபோன் கம்பெனி படத்தை வாங்க முன்வந்தபோது, அந்தக் கருவியின்மேல் தட்டு கிராமஃபோனை வரைந்துகொடுத்தார். மூலப் படத்தில், ஒளி தக்கபடி விழும்போது, அடியிலுள்ள பழைய கருவி இன்றும் தெரிகிறது. அது தெரிவதால் படத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை.

உலோகத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய கருவிகளின் ஒலிக்கையிலும் (சவுண்டு பாக்ஸைத் தாங்கும் குழாய்) சவுண்டு பாக்ஸிலும் பெரும்பாலும் இருப்பது இளமஞ்சள் சாயல் கொண்ட நிக்கல் முலாம். நீலச் சாயல் அடிக்கும் குரோம் 1920களின் பிற்பாதிக்கு முன் செய்யப்பட்ட கருவியில் இருக்க வழியே இல்லை. இருந்தால் அது பின்னால் ஏற்றியது என்று அடித்துச் சொல்லலாம். கையால் பூ வரைந்த தகரக் குழல்களை வண்ணம் போக்கி, உள்ளே பித்தளை இருக்குமோ என்று தேடுவோரும் உண்டு. வேண்டாம்.

இயந்திரத்தின் கதை வேறு. இறுகிப்போன கிரீஸும், கல்லாகிவிட்ட ரப்பர் வளையமும் கருவியை ஊமையாக்கும். அவற்றைத் தாராளமாக மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஸ்பிரிங் இருக்கும் உருளையை, பழகாதவர்கள் திறக்கக் கூடாது. சுருள் தெறித்தால் கை போய்விடும். கழற்றிய பழைய பாகங்களை எறிந்துவிடாமல், ஒரு துணிப்பையில் கட்டிக் கருவியோடே வையுங்கள்.

பெட்டிக்கு என்ன செய்யலாம்? பெரும்பாலும் அழுக்கைத்தான் நாம் கெட்டுப்போன பாலிஷ் என்று நினைத்துவிடுகிறோம். ஈரத்துணி அரக்கை வெளுக்கச் செய்யும். ஆகவே டர்பென்டைன் தொட்ட மென்துணியால் பழைய மெழுகையும் புகையையும் எடுத்துவிட்டு, மெல்லிய மெழுகு பூசினாலே முக்கால்வாசிப் பெட்டிகள் முகம் தெளிந்துவிடும். பரப்பு முதலைத்தோல் போல வெடித்திருந்தால், மூடியின் பின்விளிம்பில் மறைவான ஓரிடத்தில் ஒரு துளி ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கு. நன்கு துடைத்த பரப்பில் மென்மையான தூரிகையால் ஸ்பிரிட்டை மிகக் கொஞ்சமாக ஓடவிட்டால், வெடித்த அரக்கு இளகித் தானே ஒன்றுகூடும். அசல் பொருள் அப்படியே இருக்கும். முத்திரையின் பக்கம் மட்டும் தூரிகையைக் கொண்டுபோகாதீர்கள். அது நொடியில் கரைந்துவிடும். எச்.எம்.வி. 102 போன்ற, கையில் தூக்கிச் செல்லும் கருவிகளில் ரெக்சின் உரிந்திருந்தால், உரிந்ததையே திரும்ப ஒட்டுவது போதும்.

கரையான் தின்றதும், யாரோ பச்சை எனாமல் பூசியதும், வெள்ளத்தில் ஊறி வெனீர் கழன்றதும் நம் கைக்கு வரத்தான் செய்கின்றன. காக்க எதுவும் மிஞ்சாத அத்தகைய கருவிகளுக்குப் புதுப்பூச்சு கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. கொடுக்கும்போது அரக்கையே கொடுங்கள், தொடங்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்துவையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

விற்பவர்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். எதை மாற்றினீர்கள், எதன்மேல் எந்தப் பாலிஷ் போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதித் தேதியிட்டு, மோட்டார் பலகைக்குக் கீழே வைத்துக் கொடுங்கள். வாங்குபவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லாத கருவிக்கு ‘அசல்’ என்ற விலையைக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு சேகரிப்பாளன்