முதலில் பையை உள்ளே விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழக நூலகங்களைப் புதுப்பிப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொடுதிரை, தானியங்கி இயந்திரம் பற்றியெல்லாம் விரிவாக எழுதியிருந்தார்கள். மாணவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதைத்தான் காணவில்லை.

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே சொந்தப் புத்தகத்துக்கு அனுமதி கிடையாது. பையை வாசலில் வைத்துவிட்டு நோட்டும் பேனாவுமாக உள்ளே வர வேண்டும். புத்தகம் திருடுபோகும் என்ற பயத்தில் என்றோ போட்ட விதி. அப்போது அது பெரிய இடைஞ்சலாக இல்லை. படிக்க வேண்டியதெல்லாம் எங்கள் அலமாரியில்தான் இருந்தது. கடைசி ஆண்டுகளில் வந்த பிள்ளைகள் மடிக்கணினியும், கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட் தேர்வு, அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வு வழிகாட்டி நூல்களுமாக வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒரு மேசை, மின்விசிறி, சார்ஜ் போட ஒரு பிளக். நெரிசலான விடுதியிலும் ஒற்றை அறை வீட்டிலும் அது கிடைக்காது. அவர்களைத் திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

பையை உள்ளே விட்டால் நூலகம் வெறும் படிப்பறை ஆகிவிடும் என்பார்கள். ஒரு தேர்வு மாதத்தில் மட்டும் எங்கள் நூலகர் பைகளை அனுமதித்தார். அந்த மாதம் அகராதிகளும் பாடநூல்களும் மேசைகளில் பரவிக் கிடந்த அளவுக்கு வேறெப்போதும் நான் பார்த்ததில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் சொந்த நூல் வாசிப்புக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு என்ன தயக்கம்?

சரி, இடத்துக்கு எங்கே போவது? 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்கள் இணையத்திலேயே படிக்கலாம். பைண்டு செய்த வெளிநாட்டு இதழ்களில் அப்படிக் கிடைப்பவற்றைக் கிடங்குக்கு நகர்த்தினாலே ஒரு கூடம் காலியாகும். அதில் ஒரு மூலையைக் கதவு போட்டுத் தடுத்து, புராஜெக்ட் செய்கிறவர்கள் சத்தமாக விவாதிக்க விட்டுவிடலாம். ஆனால் இடம் வேண்டும் என்று தட்டச்சில் அடித்த பழைய தமிழ் ஆய்வேடுகளையும் சிற்றிதழ்களையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பல இன்னும் கணினியில் ஏறவில்லை, போனால் போனதுதான்.

அப்புறம் நேரம். வகுப்பும் ஆய்வகமும் முடிந்து பிள்ளைகள் வரும்போது நூலகத்தைப் பூட்டினால் எவ்வளவு செலவழித்தும் பயனில்லை. இரவு பத்து வரை திறந்து, மாணவிகளை விடுதியில் விட ஒரு வண்டியும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இதெல்லாம் புதிய யோசனை இல்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகங்கள் பயன்படுத்தவே என்பது. அதை விளக்கும்போது நூலகம் எங்கே அமைய வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும், மேசை நாற்காலி எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் பேசுகிறார்.

புதிய வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன், துணைவேந்தர்கள் தேர்வு மாதத்தில் ஒருநாள் மாலை நூலக வாசலில் நின்று, பையோடு திரும்பிப் போகிறவர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். இதை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலக உதவியாளர்,
கும்பகோணம்