பிரொக்வெல் பூங்காவில் ஒரு பாதையாவது விடுங்கள்

மதிப்புக்குரிய லம்பெத் நகர சபையாருக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் பிரதியை உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். தென் லண்டனில் இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் சனமும் வாசிக்கட்டும் என்று தமிழிலும் எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கோடை தொடங்கினால் பூங்காவுக்குள் ஆளுயரத்துக்கும் மேலாக வேலி எழும்புகிறது. இசை விழா இரண்டு மூன்று நாள்தான். ஆனால் மேடை கட்ட, கழற்ற, சாமான் ஏற்ற என்று வாரக்கணக்கில் அது நிற்கிறது.

என் அம்மாவுக்கு 79 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. நாலு சில்லு வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். பின்னேரம் ஹேர்ன் ஹில் வாசலால் உள்ளே போய், ஆறுதலாக மேடேறி, மதில் சூழ்ந்த அந்தப் பழைய தோட்டத்தில் அரை மணி நேரம் இருந்துவிட்டு வருவார். யாரும் துணைக்குப் போகத் தேவையில்லை. ஒரு நாளில் அவர் தனியாகச் செய்யும் காரியம் அது ஒன்றுதான்.

இந்த முறை வேலி போட்ட பிறகு, வழக்கமான பாதை அடைபட்டிருந்தது. காவலுக்கு நின்ற பையன் மரியாதையாகத்தான் சுற்றிப் போகச் சொன்னானாம். சுற்றுவழி வெறும் புல்தரை. முதல் நாள் மழை வேறு. லொறி ஓடிய தடத்தில் வண்டியின் முன் சில்லு புதைந்துவிட்டது. வண்டியை விட்டால் விழுந்துவிடுவார், இழுக்கவோ பலமில்லை. அப்படியே நின்றிருக்கிறார். ஓட்டப்பயிற்சிக்கு வந்த ஒரு பெண்பிள்ளைதான் தூக்கிவிட்டிருக்கிறது. நான் வேலையால் வந்தபோது அம்மா பழைய பிரஷ் ஒன்றால் சில்லில் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "எல்லாம் முடியட்டும், பிறகு போவம்" என்றார். அந்த வயதில் ஒரு மாதம் நடக்காமல் இருந்தால், அடுத்த மாதம் அந்த முழங்கால் மேடேறாது.

விழாவை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. வேலி நிற்கும் நாட்களிலும், வாசலில் இருந்து மேட்டுத் தோட்டம் வரை தார் போட்ட பாதை ஒன்றைத் திறந்து விடுங்கள். இவ்வளவுதான்.

இந்தப் பூங்கா நிலம் ஒரு காலத்தில் தனியார் சொத்தாக இருந்தது. கண்ணாடி வியாபாரி ஜோன் பிளேட்ஸ் 1811-க்கும் 1813-க்கும் இடையில் மேட்டில் மாளிகையைக் கட்டினார். வேலிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் மற்றவர்களுக்கு உரிமை. அதைப் பொதுமக்களுக்கு வாங்கிக் கொடுக்க முன்னின்று பாடுபட்டவர் நாடாளுமன்ற உறுப்பினர் தோமஸ் லின் பிரிஸ்டோ. 1892 ஜூன் 6 அன்று திறப்பு விழா நடந்தது. விழா முடிந்த கையோடு அந்த மாளிகைப் படியிலேயே அவர் விழுந்து உயிரை விட்டார். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்ன நாளில் இருந்து, அந்தப் படியைக் கடக்கும்போது ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார். அப்படி வாங்கித் தந்த இடத்தைச் சுற்றி மறுபடியும் வேலி என்றால் மனம் பொறுக்குதில்லை.

இந்த விழாக்களை எதிர்த்துக் குடியிருப்பாளர் ஒருவர் போட்ட வழக்கு 2025 மே மாதம் உயர் நீதிமன்றம்வரை போனதும், திட்ட அனுமதி இல்லாமல் பூங்காவை இப்படிப் பயன்படுத்த வருடத்துக்கு 28 நாள்தான் என்ற விதியைப் பற்றி அங்கே பேசப்பட்டதும், தீர்ப்பு குடியிருப்பாளர் பக்கம் வந்ததும் ஊரறிந்த செய்தி. விழாக்கள் அப்படியும் நடந்தன. மத்திய அரசிடம் இருந்து சபைக்கு வரும் பணம் குறைந்தது எனக்கும் தெரியும். அதற்காகப் பூங்காவை வாடகைக்கு விட்டுத்தான் பூங்காவைக் காப்பாற்றலாம் என்றால், நூலகத்தையும் நீச்சல் குளத்தையும் நாளைக்கு என்ன செய்யப் போகிறோம்? வரி கட்டுகிற எல்லோரும் இதைக் கேட்க வேண்டும். சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது கேட்பது அந்தப் பாதை மட்டும். தயவுசெய்து அடுத்த அனுமதி கொடுக்கும்போது அதையும் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். அம்மாவின் வண்டி 60 சென்டிமீட்டர் அகலம். எதிரே ஒரு தள்ளுவண்டிப் பிள்ளை வந்தால் விலகிப் போக இடம் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
டல்ஸ் ஹில்லில் இருந்து ஒரு மகள்