ஓவியத்தோடு ஓவியரின் பெயரும் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பறவைகளையும் காட்டு விலங்குகளையும் பற்றிய கட்டுரைகளோடு நாளிதழ்களில் பழைய ஓவியங்கள் அவ்வப்போது வெளியாவது மகிழ்ச்சி தருகிறது. ஆனால் படத்தின் கீழே விலங்கின் பெயர் இருக்கிறதே தவிர, வரைந்தவரின் பெயர் பெரும்பாலும் இருப்பதில்லை. இக்குறையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவியான மேரி இம்பே, தம் தோட்டத்தில் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் 1777 முதல் 1782 வரை ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். பாட்னாவிலிருந்து வந்த ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய மூவரும் அவருக்காக வரைந்த ஓவியங்கள் முந்நூறுக்கும் மேல். முகலாய மரபில் பயின்ற இவர்கள், இங்கிலாந்திலிருந்து வந்த பெரிய தாள்களில், இயன்றவரை உயிரின் உண்மையான அளவிலேயே, பின்னணியை வெறுமையாக விட்டு வரைந்தார்கள். பவானி தாஸோ அவர் வழிவந்த ஒருவரோ தீட்டியதாகக் கருதப்படும் பழந்தின்னி வௌவால் ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒரு சிறகு முழுதாக விரிந்தும் மற்றொன்று உடலோடு மடிந்தும் இருப்பதால், சிறகின் எலும்புகள் எப்படி நீள்கின்றன, சவ்வு எப்படிச் சுருங்குகிறது என்ற இரண்டையும் அந்த ஒரே தாளில் பார்த்துவிடலாம். அருவருப்போடு நாம் முகம் திருப்பிக்கொள்ளும் ஓர் உயிரை அவ்வளவு பொறுமையாகப் பார்த்த கண்ணுக்கே என் முதல் மரியாதை.

இமயமலை மோனால் பறவையின் அறிவியல் பெயரில் இம்பே அம்மையாரின் பெயர் நிலைத்துவிட்டது. ஓவியர்களின் பெயர்களோ, அந்தத் தாள்களிலேயே குறிக்கப்பட்டதால்தான் நமக்குக் கிடைத்தன. அதற்காக அம்மையாரையும் பாராட்டத்தான் வேண்டும். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, விலங்குகளை வரைவதில் வல்லவரான மன்சூருக்கு 'நாதிர் உல் அஸ்ர்' (தம் காலத்தின் ஒப்பற்றவர்) என்ற பட்டம் அளித்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார் ஜஹாங்கீர். நம் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் வரைவித்த பறவை, விலங்கு ஓவியங்களோ மன்னரின் பெயராலேயே அறியப்படுகின்றன.

கேமரா வந்த பிறகு ஓவியம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஒளிப்படம் ஒரு பறவையை, ஒரு வெளிச்சத்தில், ஒரு நொடியில் காட்டுகிறது. ஓவியரோ பல பறவைகளைப் பார்த்து, அந்த இனத்தை அடையாளம் காட்டும் கூறுகளை ஒரே உருவத்தில் சேர்த்துத் தருகிறார். பறவை நோக்குவோரின் கையேடுகள் பல இன்றும் ஓவியங்களை நம்பியிருப்பது இதனால்தான்.

ஆகவே, இத்தகைய ஓவியங்களை வெளியிடும்போது ஓவியரின் பெயர், வரைந்த காலம், அது இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் படத்தின் கீழே அச்சிட வேண்டுகிறேன். பெயர் தெரியாதபோது, தெரியவில்லை என்றே குறிப்பிடலாம். பெரிய அருங்காட்சியகங்கள் படத்தோடு இவ்விவரங்களையும் தருவதால், இதற்கு ஒரு வரி இடம் போதும். தங்கள் சிறுவர் பகுதிக்கு இன்று வரைந்து தருபவர்களுக்கும் அந்த ஒரு வரியை ஒதுக்குவீர்கள் என நம்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தஞ்சாவூர்.